மங்கும் வெளிச்சத்தில் ஒரு லைட் மீட்டர்: பேஸ்பால் அம்பயராக ஒரு சீசன் பயன்படுத்திய பிறகு

பேஸ்பால் ஆட்டம் தொடங்கிய பின், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி அதை நிறுத்தும் அதிகாரம் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு, பின்னால் நிற்கும் முதன்மை அம்பயர் ஒருவரிடமே இருக்கிறது. எவ்வளவு வெளிச்சம் இருந்தால் போதும் என்பதை மட்டும் விதிகள் எண்ணாகச் சொல்வதில்லை. இந்தக் குறையை ஒரு கருவியால் ஓரளவாவது ஈடுகட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக, வெளிச்சத்தை அளக்கும், கையில் அடங்கும் லைட் மீட்டர் ஒன்றை ஐம்பது டாலருக்குள் வாங்கி, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நான் அம்பயராக நின்ற எல்லா மாலை ஆட்டங்களிலும் பயன்படுத்தினேன். அமெரிக்காவின் வடகிழக்கில், விளக்குக் கம்பங்களே இல்லாத ஒரு பூங்கா மைதானத்தில், 11, 12 வயதுச் சிறுவர்கள் ஆடும் ஆட்டங்கள் அவை. நான் சம்பளம் வாங்காத அம்பயர். வார நாட்களில் அலுவலகம் முடிந்து நேராக மைதானத்துக்கு வருபவன்.

இதை வாங்கத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் கடைசியில், ஆட்டம் சமநிலையில் இருந்த ஒரு மாலையில், இன்னும் ஓர் இன்னிங்ஸ் (இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை அடிக்கும் சுற்று) ஆடிவிடலாம் என்று இரண்டு பயிற்சியாளர்களும் கேட்டார்கள், எனக்கும் பந்து தெரிந்தது, சரி என்றேன். அந்த இன்னிங்ஸின் பிற்பாதியில் ஒரு பந்து பேட்டரின் தோளில் பட்டது. அவன் விலகவே இல்லை. விலக முயன்று தாமதமாகியிருந்தால் அது ஆட்டத்தில் இயல்பு. அவனோ பந்து தன் மேல் பட்ட பிறகுதான் அது வந்ததையே உணர்ந்தான். பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவனுடைய தாயார் என்னிடம் வந்து, கோபப்படாமல், வெளிச்சம் போதும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். என் கண்ணை வைத்து என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. என் கண் அவனுடைய கண் அல்ல என்பது அன்று இரவு முழுவதும் என்னை உறுத்தியது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சிறிய டார்ச் அளவுக்கு இருக்கும். ஒரு முனையில் வெள்ளை நிற அரைக்கோள மூடி, அதற்குள் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் உணரி, கீழே எண் காட்டும் திரை. லக்ஸ், ஃபுட்கேண்டில் ஆகிய இரண்டு அலகுகளிலும் காட்டும். 1 ஃபுட்கேண்டில் என்பது ஏறத்தாழ 10.8 லக்ஸ். எண்ணை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான், மிக அதிகமான அளவையும் மிகக் குறைந்த அளவையும் நினைவில் வைக்க இன்னொன்று. மாற்றுப் பந்துகளுக்காக அம்பயர் இடுப்பில் கட்டும் பையிலேயே இது அடங்கிவிடுகிறது. இன்னிங்ஸ்களுக்கு இடையில் எடுத்துப் பார்த்து மீண்டும் உள்ளே வைக்க பத்து நொடிகூட ஆவதில்லை. அந்த வகையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருவி புதியதல்ல. சர்வதேச டெஸ்ட் ஆட்டங்களில் இரண்டு அம்பயர்களும் ஆடுகளத்தின் நடுவில் நின்று லைட் மீட்டரைப் பார்ப்பதையும், முதல் முறை ஆட்டத்தை நிறுத்தியபோது கிடைத்த அளவையே அந்த ஆட்டம் முழுவதற்கும் வழிகாட்டியாக வைத்துக்கொள்வதையும் நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பேஸ்பாலில் அப்படியொரு வழக்கம் வேரூன்றவில்லை. தொழில்முறை ஆட்டங்களில் அதற்குத் தேவையும் இல்லாமல் போய்விட்டது: 1935 மே 24 அன்று சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டில், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகின் முதல் இரவு ஆட்டம் நடந்தது, கடைசிவரை விளக்கில்லாமல் இருந்த சிகாகோவின் ரிக்லி ஃபீல்டிலும் 1988 ஆகஸ்டில் விளக்குகள் எரிந்தன. இருட்டினால் அபாயம் என்று அம்பயர் கருதினால் விளக்குகளைப் போடச் சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய தொழில்முறை விதி. அந்தக் கட்டளையை இடுவதற்கு விளக்குகள் இருக்க வேண்டும். எங்களுடையதைப் போன்ற மைதானங்களில், 1920இல் ஓர் அம்பயர் எதை நம்பி நின்றாரோ அதையே நம்பித்தான் இன்றும் நிற்கிறோம்.

அந்த 1920ஐச் சும்மா சொல்லவில்லை. அவ்வாண்டு மே 1 அன்று பாஸ்டனில், புரூக்ளின் ராபின்ஸ் அணியும் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியும் 26 இன்னிங்ஸ்கள் ஆடின. மேஜர் லீக் வரலாற்றில் இன்றுவரை அதைவிட அதிக இன்னிங்ஸ்கள் கொண்ட ஆட்டம் இல்லை. லியான் கேடோர், ஜோ ஓஷ்கர் என்ற இரண்டு பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) 26 இன்னிங்ஸ்களையும் தாங்களே முழுமையாக வீசினார்கள். ஸ்கோர் 1க்கு 1 என்று இருந்தபோது அம்பயர் பேரி மெக்கார்மிக் இருட்டைக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். இன்னும் ஒரே ஓர் இன்னிங்ஸ் ஆடினால் ஒன்பது இன்னிங்ஸ்கள் கொண்ட மூன்று முழு ஆட்டங்கள் ஆடியதாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று புரூக்ளின் வீரர் ஐவி ஓல்சன் அவரிடம் கெஞ்சியதாகச் சொல்வார்கள். அவர் மறுத்துவிட்டார். "இன்னும் ஒன்று" என்று கேட்கும் குரல் ஒவ்வொரு மாலையிலும் என் காதிலும் விழுவதால், அந்த மறுப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இனி மீட்டர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் நான் எந்த முடிவையும் அதை வைத்து எடுக்கவில்லை; ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டு மட்டும் வந்தேன். மேகமில்லாத மாலைகளில் கிடைத்த எண்கள் ஒன்றுக்கொன்று வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பு 5,000 லக்ஸ் அளவில் இருந்த வெளிச்சம், மறையும் தருணத்தில் 500 லக்ஸ் அளவுக்கு வந்துவிடும். அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைய அரை மணி நேரம் ஆகிறது. மறைந்த பிறகு அதே பத்தில் ஒரு பங்குக் குறைவு கால் மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது: 500 என்பது 50 ஆகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் அந்த 50ம் கரைந்து ஒற்றை இலக்கத்துக்குப் போய்விடுகிறது. வெளிச்சம் ஒரே சீராகக் குறைகிறது என்று ஆறு ஆண்டுகளாக நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு. சூரியன் மறைந்த பின் அது சரிகிற வேகம் இரட்டிப்பாகிவிடுகிறது. சிறுவர் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ் சராசரியாக இருபது நிமிடம் எடுக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், நல்ல வெளிச்சத்தில் தொடங்கிய இன்னிங்ஸ் ஏன் இருட்டில் முடிகிறது என்பது விளங்கும்.

கண்ணுக்கு இது ஏன் தெரிவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் கண் வெளிச்சத்தின் அளவை அளப்பதில்லை. இருக்கும் வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறையும்போது கண்மணி விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, நாமோ எதுவும் மாறவில்லை என்று நம்புகிறோம். இரண்டு மணி நேரம் வெளியிலேயே நின்ற அம்பயருக்கு, விளக்கெரியும் அறைக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வருபவரைவிட மைதானம் பிரகாசமாகத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு விலையோடு வருகிறது. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்கள் விழித்திரையின் நடுக்குழியில் இல்லை. கூர்ந்து பார்ப்பதற்கு நாம் பயன்படுத்தும் இடமே அதுதான். அத்துடன், வெளிச்சம் குறையும்போது எல்லா நிறங்களிலும் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகிறது; பேஸ்பாலின் தையல் சிவப்பு. பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பேட்டர் அந்தத் தையலை வைத்துத்தான் படிக்கிறான். ஆக, பந்து வருவது இன்னும் தெரிகிற நேரத்திலேயே அது எப்படி வருகிறது என்பது தெரியாமல் போய்விடுகிறது. இந்த வயதில் பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வீசப்படும் பந்து அரை நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் பேட்டரை அடைந்துவிடும். தயங்குவதற்கு அதில் இடமில்லை.

மீட்டரை வாங்குபவர்கள் முதலில் செய்யக்கூடிய தவறை நானும் செய்தேன், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உணரியை வானத்தைப் பார்த்துப் படுக்கையாகப் பிடித்து அளந்தால் கிடைக்கும் எண் தாராளமானது, ஆறுதல் தரக்கூடியது. ஆனால் பேட்டருக்கு அது பயன்படாது. பேஸ்பால் மைதானத்தை அமைக்கும்போது, ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் மேடு வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது விரும்பத்தக்கது என்று விதி சொல்கிறது. மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிக்கக்கூடாது என்பது அதன் பயன். எங்கள் மைதானம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதனால் சூரியன் மறைந்த பின் பேட்டர் பார்த்துக்கொண்டிருப்பது வானத்தின் முதலில் இருளும் பக்கத்தை. அவன் முதுகுக்குப் பின்னால் மேற்கு வானம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அவன் எதிரில் வெளி மைதானத்துக்கு அப்பால் நிற்கும் மரங்கள் கறுத்துவிட்டிருக்கும். பெரிய அரங்குகளில் வெளி மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் பேட்டருக்காக ஒரே நிறத்தில் ஒரு பின்னணியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த மரங்கள்தான் பின்னணி. உணரியைப் பேட்டரின் மார்பு உயரத்தில், பிட்சரை நோக்கி நிமிர்த்திப் பிடித்து அளந்தபோது, படுக்கையாகக் கிடைத்த அளவில் பாதிகூட இல்லாத மாலைகள் பல. வெளி மைதானத்தில் நிற்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது: ஒளிரும் மேற்கு வானத்தை நோக்கி அவர்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, உயரே போகும் பந்து அந்த ஒளியில் ஒரு கரும்புள்ளியாகி, கீழே இறங்கி மரங்களின் பின்னணிக்கு வந்ததும் காணாமல் போகிறது. ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு வெளிச்சங்கள் இருக்கின்றன என்பதை இந்தக் கருவி இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அடுத்த கேள்வி எல்லை எது என்பது. மீட்டர் அதைச் சொல்லாது. பெட்டியோடு வந்த கையேட்டில் அலுவலகம், படிக்கும் அறை, கிடங்கு ஆகியவற்றுக்கான அளவுகள் இருந்தன. பந்து பறந்து வரும் இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் பிடித்துக்கொண்ட ஒரே வெளி அளவுகோல், சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு இரவு ஆட்டங்களுக்கு வைத்திருக்கும் விளக்குத் தரம்: உள் மைதானத்தில் சராசரியாக 50 ஃபுட்கேண்டில், வெளி மைதானத்தில் 30. லக்ஸில் சொன்னால் ஏறத்தாழ 540, 320. தெளிவான மாலையில் சூரியன் மறையும் தருணத்து வெளிச்சமும் கிட்டத்தட்ட இதுவே என்பதைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. வானத்திலிருந்து வரும் வெளிச்சம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிழல் இல்லாமல் வருவதால், விளக்கு வெளிச்சத்தைவிடச் சற்றுக் குறைந்தாலும் பந்து தெரியும். சிறுவர்களிடம் கேட்டும், அவர்கள் பந்தைத் தவறவிடும் விதத்தைக் கவனித்தும், படுக்கை அளவில் 200 லக்ஸ் வரை ஆடலாம் என்ற முடிவுக்கு வந்தேன். இது என் மைதானத்துக்கான, என் ஆட்டக்காரர்களின் வயதுக்கான எண். வேறொருவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லையைவிட முக்கியமானது, அதை எப்போது பயன்படுத்துவது என்பது. பேஸ்பாலில் வெளியிலிருந்து வந்த அணி முதலில் அடிக்கும், சொந்த மைதானத்து அணி அடுத்து அடிக்கும். இரண்டும் அடித்து முடித்தால்தான் ஓர் இன்னிங்ஸ். வந்த அணி ரன் எடுத்து முன்னேறிய பிறகு, சொந்த அணிக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் இருட்டு என்று நிறுத்துவது, விதி அதற்கு வழி வைத்திருந்தாலும், மைதானத்தில் நிற்கும் யாருக்கும் நியாயமாகப் படாது. ஆகவே தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் இன்னிங்ஸின் நடு அல்ல, அதன் தொடக்கம். இன்னிங்ஸ் முடியும்போது 200 இருக்குமா என்பதை அது தொடங்கும்போதே அறிய வேண்டும். முன்னர் சொன்ன சரிவை வைத்துக் கணக்கிட்டால், தெளிவான மாலையில் 1,500 லக்ஸுக்குக் கீழே போன பிறகு புதிய இன்னிங்ஸைத் தொடங்கக் கூடாது. அது சூரியன் மறைவதற்கு ஏறத்தாழ கால் மணி நேரம் முன்பு வரும். அந்த நேரத்தில் மைதானம் பளிச்சென்று இருக்கும். அங்கே நிறுத்துகிறேன் என்று சொல்ல ஒரு அம்பயருக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை எனக்குத் தந்தது இந்தக் கருவிதான். நான் இதற்குக் கொடுத்த விலை அந்த ஒன்றுக்காகவே தகும்.

நிறுத்துவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது எவ்வளவு நல்லது என்பதற்கு ரிக்லி ஃபீல்டில் நடந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. 1938 செப்டம்பர் 28 அன்று சிகாகோ கப்ஸ் அணியும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியும் முதலிடத்துக்காக மோதின. எட்டு இன்னிங்ஸ்கள் முடிந்தபோது ஸ்கோர் 5க்கு 5, இருட்டிக்கொண்டு வந்தது, ஒன்பதாவது இன்னிங்ஸோடு ஆட்டம் நிறுத்தப்படும் என்று அம்பயர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதன் பிற்பாதியில் இரண்டு பேர் அவுட்டாகி, இரண்டு ஸ்ட்ரைக்குகளும் விழுந்து, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் இன்னிங்ஸே முடிந்துவிடும் என்ற நிலையில், கப்ஸின் மேலாளரும் கேட்சருமான கேபி ஹார்ட்னெட், மேஸ் பிரவுன் வீசிய பந்தை மைதானத்தின் எல்லைக்கு அப்பால் அடித்தார். பந்து எங்கே போனது என்பது பார்வையாளர்கள் பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்கர்கள் அந்த அடியை அந்திக் கருக்கலில் அடித்த ஹோம் ரன் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: அதுவே கடைசி இன்னிங்ஸ் என்பது தெரிந்தே இரு தரப்பும் ஆடின. தோற்றவர்கள் அம்பயரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்வையாளர்களுக்கே தெரியாத வெளிச்சத்தில் வேகப்பந்தை எதிர்கொள்ள ஒரு தொழில்முறை வீரர் ஒப்புக்கொள்ளலாம், பன்னிரண்டு வயதுச் சிறுவனை அங்கே நிறுத்த நான் ஒப்ப மாட்டேன்.

மீட்டர் தகராறுகளைத் தீர்க்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பாதி ஆம். மே மாதத்தில் ஒரு ஆட்டத்தை நான்கு இன்னிங்ஸ்களோடு நிறுத்தினேன். சிறுவர் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ்கள் கொண்டது. நான்கு முடிந்துவிட்டால் அது முழு ஆட்டமாகக் கணக்கில் சேரும், அப்போது முன்னணியில் இருப்பவர்கள் வென்றவர்கள். ஒரு ரன் பின்தங்கியிருந்த அணியின் பயிற்சியாளர் கடுமையாக வாதிட்டார். கடந்த மூன்று இடைவெளிகளில் நான் குறித்து வைத்திருந்த எண்களைக் காட்டி, இப்போது தொடங்கினால் எப்போது முடியும், அப்போது எவ்வளவு இருக்கும் என்று விளக்கினேன். அவருக்கு முடிவு பிடிக்கவில்லை, ஆனால் வாதம் நின்றது. மறுபக்கமும் உண்டு. மீட்டர் வந்த செய்தி பரவியதும், ஆட்டத்தின் நடுவிலேயே எண் என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். 1,700 என்று தெரிந்தால், முன்னணியில் இருக்கும் அணி காலணிக் கயிறு கட்டுவதற்கும் பிட்சரோடு பேசுவதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். அடுத்த இன்னிங்ஸ் தொடங்காமல் தடுத்துவிட அது போதும். ஆட்டத்தை வேண்டுமென்றே இழுப்பதும் சுருக்குவதும் அந்த ஆட்டத்தையே பறிகொடுக்க வைக்கும் குற்றம் என்று விதி சொல்கிறது. ஒரு குழந்தையின் காலணிக் கயிற்றுக்காக அந்த விதியை எடுக்க எந்த அம்பயருக்கும் மனம் வராது. ஜூன் முதல் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன்: இன்னிங்ஸ் முடிந்த பிறகு மட்டும் அளப்பேன், முடிவை இரண்டு பயிற்சியாளர்களையும் சேர்த்து அழைத்துச் சொல்வேன், எண்ணை ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் காட்டுவேன்.

கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஜயன்ட்ஸ், யாங்கீஸ் அணிகள் மோதிய, மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம், பத்து இன்னிங்ஸ்களுக்குப் பின் 3க்கு 3 என்று இருந்தபோது, இருட்டைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. சூரியன் இன்னும் மறையவில்லை. கொதித்துப்போன கூட்டம் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸைச் சூழ்ந்துகொண்டது. இன்னொரு நாள் ஆடி இன்னொரு முறை வசூல் செய்வதற்காகவே நிறுத்தினார்கள் என்ற சந்தேகத்தைப் போக்க, அன்றைய வசூலான 120,000 டாலருக்கும் மேற்பட்ட தொகையை அவர் அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார். இன்னும் ஓர் இன்னிங்ஸை நல்ல வெளிச்சத்தில் முடிக்க முடியுமா என்று கணக்கிட்டு நிறுத்தியிருந்தால் அந்த அம்பயர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டம் கண்டது வெயிலை. 1,500 லக்ஸில் நான் ஆட்டத்தை நிறுத்தும்போது பெற்றோர்கள் முகத்தில் காண்பதும் அதே திகைப்புதான். அதனால்தான் கடைசி இன்னிங்ஸ் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை சிறுபிள்ளைத்தனமானது, மன்னிக்க முடியாதது: இருட்டை அளக்கும் கருவியின் திரைக்கு உள்விளக்கு இல்லை. 100 லக்ஸுக்குக் கீழே எண்ணைப் படிக்க முகமூடியைக் கழற்றித் திரையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அளவு வரம்பு மாறும் இடத்தில் எண் சில நொடிகள் தடுமாறுகிறது. அவசரத்தில் பார்த்தால் தவறான எண்ணைக் குறித்துக்கொள்ள நேரும். மூன்றாவது, வெள்ளை மூடியில் மைதானத்துப் புழுதி படிந்தால் அளவு குறைகிறது. துடைத்த பிறகு எண் ஏறியதை நானே கண்டேன். மேகமூட்டமான மாலைகள் தனிச் சிக்கல். அப்போது எண்கள் தொடக்கத்திலிருந்தே தாழ்வாக இருக்கும், மேகம் கனத்தால் சில நிமிடங்களில் பாதியாகும், விலகினால் மீண்டும் ஏறும். தெளிவான வானத்துக்கு நான் போட்ட கணக்கு அங்கே செல்லாது. அத்தகைய மாலைகளில் இன்னிங்ஸின் இரண்டு பாதிகளுக்கு நடுவிலும் ஒரு முறை அளந்துகொண்டு, சந்தேகம் வந்தால் முந்தைய இன்னிங்ஸோடு முடித்துக்கொள்கிறேன். அந்தத் தீர்மானத்தில் மீட்டரின் பங்கு பாதி, என் அச்சத்தின் பங்கு மீதி.

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் லைட் மீட்டர் செயலிகள் போதாதா என்று பலரும் கேட்டார்கள். இரண்டு வாரம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கைபேசியில் இருப்பது திரையின் பிரகாசத்தைச் சரிசெய்வதற்காக வைக்கப்பட்ட உணரி. எல்லாப் பக்க வெளிச்சத்தையும் சேர்க்கும் அரைக்கோள மூடி அதற்குக் கிடையாது. சற்றுச் சாய்த்தாலும் எண் தாவுகிறது. இரண்டு கைபேசிகள் ஒரே இடத்தில் இரண்டு வேறு எண்களைக் காட்டின. அதைவிட முக்கியமாக, ஆட்டத்தின் நடுவில் அம்பயர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பது பார்ப்பவர் மனத்தில் மதிப்பைக் கூட்டாது.

விளக்கில்லாத மைதானத்தில், சிறுவர்களுக்கு, வாரத்தில் ஒரு மாலையாவது அம்பயராக நிற்பவர் இதை வாங்கலாம். வாங்கியதும் ஒரு மாதம் வெறுமனே அளந்து, தன் மைதானத்தின் சரிவைத் தெரிந்துகொண்ட பிறகு பயன்படுத்த வேண்டும். விளக்கு உள்ள மைதானத்தில் நிற்பவருக்கு இது தேவையில்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று உள்விளக்கு இல்லாததற்காக. தோளில் பந்து பட்ட சிறுவன் இந்த சீசனிலும் ஆடினான். அக்டோபரில் எங்கள் கடைசி ஆட்டத்தில், ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் 1,420 என்று காட்டியது. இரண்டு பயிற்சியாளர்களையும் அழைத்து ஆட்டம் நான்கோடு முடிந்தது என்றேன். அடுத்து அடிக்க வேண்டியவன் அவன்தான். மட்டையைத் தோளில் வைத்தபடி மேற்கே பார்த்தான், பிறகு பிட்சர் மேட்டைப் பார்த்தான், தலைக்கவசத்தைக் கழற்றினான். அவனுடைய தாயார் வேலிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்.